இரண்டு மணிக்கு மேல் வைக்கும் தீ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நல்ல காற்றில் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதினால் பொய், அதனால் எழுதவில்லை.

உன் அம்மாவுக்கு மறுபடியும் மூச்சுத் திணறல். சாயங்காலமானால் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் சொருகிவிட்டுச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறாள், படுத்தால் இழுக்கிறது. இன்னும் ஒரு வாரம் இந்தப் புகையில் இருந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். சுகாதார ஆபீசில் போய் ஆக்சிஜன் மெஷின் கேட்டேன். கிளார்க் உங்கள் சாட்டிலைட் ஆபீஸ் அறிக்கையை என் முகத்துக்கு நேரே திருப்பி, "உங்க பக்கம் புகை பாதியாக் குறைஞ்சுபோச்சுய்யா, சாட்டிலைட் பொய் சொல்லுமா? நீ பிடிக்கிற சுருட்டுப் புகையா இருக்கும், நிறுத்திப் பாரு" என்று சிரித்தான். அறிக்கையின் அடியில் உன் பெயர்.

புகை குறையவில்லை கண்ணு. கெடுத்தது உன் அப்பன் வாய். அறுவடை தொடங்கிய அன்று, என் மகள் வானத்திலிருந்து நம் கரும்புக் காட்டையே பார்க்கிறாள், தினமும் ஒன்றரை மணிக்குச் சாட்டிலைட் தலைக்கு மேலே போகும் என்று பண்ணை மேனேஜரிடம் பீற்றிக்கொண்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் எனக்கு நாற்காலி போட்டார். "அப்புறம் எப்போ வரும்?" என்றார். அடுத்த பகல் படம் நாளைக்குத்தான் சார் என்று நானே சொன்னேன். வெட்டுக்கு முன்னால் காய்ந்த தோகையை எரிக்கக் காலையில் வைத்துக்கொண்டிருந்த தீயை அன்றிலிருந்து இரண்டு மணிக்கு மேல் வைக்கிறோம். வைப்பதும் நான்தான், மேஸ்திரி ஆயிற்றே. தோகை ஒரு மணி நேரத்தில் சாம்பலாகிறது, புகை பொழுது சாய்ந்ததும் நம் குடியிருப்பின் மேல் இறங்கி, மறுநாள் உச்சிக்குள் கலைந்துவிடுகிறது. உங்கள் படத்தில் நாங்கள் சுத்தமான ஊர். முதலாளிக்கு அபராதம் இல்லை, ஆபீசருக்கு வேலை இல்லை, உன் அம்மாவுக்கு மூச்சு இல்லை. முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "தாராளமா. பண்ணை வீட்டுச் சாவியை வச்சுட்டுக் கிளம்புங்க, சயின்டிஸ்ட் அப்பா" என்றார் மேனேஜர்.

ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்கப் பார்க்கிற வேறொரு சாட்டிலைட் உண்டு, படம் மங்கலாக இருப்பதால் அறிக்கைக்கு எடுப்பதில்லை என்று நீதானே சொன்னாய். அதை எடு. இந்த மாதம் நான் வைத்த ஒவ்வொரு தீக்கும் தேதி, மணி, எந்தத் துண்டு நிலம் என்று மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன், ஒத்துப்பார். நேரத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று அம்மாவுக்குத் தெரியாது, போனில் பேசினால் காதில் விழும், அதனால்தான் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அறிக்கை மாறிய அன்றே எங்களை வெளியே தள்ளுவார்கள். தள்ளட்டும். அந்தப் புது அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, மெஷின் தரும்வரை அந்தக் கிளார்க்கின் மேஜைக்கு முன்னால் அம்மாவோடு உட்காருகிறேன்.

நூறு வயது நல்லபடியாக இரு. வேளைக்குச் சாப்பிடு. அப்பா மாட்டிக்கொள்வாரே என்று பட்டியலில் ஒரு வரியைக்கூட அடித்துவிடாதே, கடைசி வரியில் இருக்கும் நேற்றைய தீயையும் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா