ஒன்பது மாதமாய்க் கூப்பிடாத பெயர்

மரக்காணம்,
9.3.2025

என் மகனின் அப்பாவுக்கு, அஸ்வினி அன்புடன் எழுதுவது.

இங்கே நான், அத்தை, பையன் மூவரும் சுகம். உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால் எப்போதும் நல்லாயிருக்கேன் என்கிறீர்கள். நான் அதை நம்புவதில்லை. மணிவண்ணன் அண்ணன் மஸ்கட் திரும்புகிறார், அவரிடம் நெத்திலிக் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். தவிர, நான் சொல்ல வந்ததில் உங்கள் அப்பாவின் பெயர் வருகிறது. எழுதத்தான் முடியும், வாயால் சொல்ல எனக்கு நாக்கு எழாது.

போன புதன்கிழமை பையனுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. நர்ஸ் அவனை மேசைமேல் உட்கார வைத்து, அட்டையைப் பார்த்து, கலியமூர்த்தி என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. மூன்று தடவை கூப்பிட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். காதைப் பரிசோதிக்க எழுதித் தருகிறேன் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த நேரம் அத்தை பின்னாலிருந்து மெதுவாக, "ஏங்க, இங்க பாருங்க" என்றார்கள். சட்டென்று திரும்பிச் சிரித்தான் உங்கள் பிள்ளை.

நர்ஸுக்கு நான்தான் விளக்கினேன். தாத்தா பெயரை வைத்திருக்கிறோம், அத்தைக்கு அது புருஷன் பெயர், எனக்கு மாமனார் பெயர், இரண்டு பேரும் சொல்வதில்லை என்று. முப்பதாம் நாள் உங்கள் தங்கை சூர்யகலா அவன் காதில் மூன்று முறை சொல்லிவிட்டுக் கீழ்புத்துப்பட்டுக்குப் பஸ் ஏறியதோடு சரி. அத்தை, மாமாவைக் கூப்பிட்ட மாதிரியே அவனையும் வாங்க, போங்க என்கிறார்கள். நான் குட்டி என்கிறேன். பன்னிரண்டாவது படித்தவள் இப்படியா என்று நர்ஸ் சிரித்தார். வெட்கம்தான். ஆனாலும் அத்தை முகத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

நீங்களும் போனில் பையன் எப்படி இருக்கான் என்றுதான் கேட்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் உப்பளத்தை விட்டு மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று மாமா, "இனிமே என் பாத்தியில கால வைக்காத" என்றது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை. போன வருடம் தை மாதம் அவர் கண்ணை மூடியபோது உங்களால் வரவும் முடியவில்லை. அடுத்த மாத லீவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊசி போட்டுத் திரும்பும் வழியில், உப்பளத்தைத் தாண்டும்போது, அத்தை ஒன்று சொன்னார்கள். மாமா படுக்கையில் கிடந்தபோது, மேலண்டைப் பாத்தியை மிதித்து இறுக்க வேறு ஆள் விடக்கூடாது என்றாராம். உங்கள் பெயரைச் சொல்லி, "அது வெற்றி மிதிக்கிற பாத்தி, அவன் வருவான்" என்றாராம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாலே அழுகை வந்துவிடுகிறது என்றார்கள். மற்றப் பாத்திகளில் உப்பு வாரத் தொடங்கிவிட்டோம். அது மட்டும் இந்த வருடமும் சும்மா கிடக்கிறது.

லீவை விட்டுவிடாதீர்கள். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் தடையில்லை. "அந்தப் பேர இந்த வீட்டுல சத்தமா ஒரு வாட்டி கேக்கணும்மா" என்கிறார்கள் அத்தை.

மாமா உங்களுக்குத் துணையிருப்பார். பத்திரமாக வந்து, வாசலில் நின்று, கலியமூர்த்தி என்று ஒரு குரல் கொடுங்கள். அவன் திரும்புகிறானோ இல்லையோ, நாங்கள் இரண்டு பேரும் ஓடி வருவோம்.

உங்கள்
அஸ்வினி