கெண்டைக்கால் வரை ஒரு கவுன்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து காற்று. கடை வாசலில் தூசி, பெருக்கப் பெருக்க. மழை வரும்போல இருந்து வரவில்லை.

ஆடி மாதம். ஒரு பிளவுஸ் பிரிப்பு, ஒரு புடவைக்கு ஃபால்ஸ். அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: மெஷின் பெல்ட், கறுப்பு நூல், அம்மாவுக்கு மாத்திரை, வெள்ளிக்கிழமைப் பேச்சு.

அந்தப் பேச்சை இன்னும் எழுதத் தொடங்கவேயில்லை. தர்மபுரி மகளிர் கல்லூரியில் என்னையும், என்னோடு சேர்ந்து கடை நடத்தும் ஷமீமையும் கூப்பிட்டிருந்தார்கள். 'பாலே நடன உடையும் உலகப் போருக்குப் பின் வந்த பெண்கள் உடையும்.' தலைப்பு ஷமீமுடையது. படம் சேர்த்தது அவள். பேச இருந்ததும் அவள். பக்கத்தில் நின்று கவுனைத் திருப்பிக் காட்டுவது மட்டும்தான் என் வேலை. அதெல்லாம் ஏப்ரலில் பேசியது. ஏப்ரல் கடைசியில் நெட் துணி எடுக்கச் சேலம் போனாள். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில், பிரேக் பிடிக்காத லாரி பஸ் மேல் ஏறிவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவள் கவுன் இன்னும் கடையில் பொம்மை மேல் நிற்கிறது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரிசப்ஷன் கவுன் தைத்துக் கொடுத்தவள், முப்பத்தேழு வயதில் முதல்முறையாகத் தன் கல்யாண ரிசப்ஷனுக்கென்று தைத்தது. கெண்டைக்கால் வரைதான் நீளம். பாதம் தெரிய வேண்டும் என்று அவள் அம்மாவோடு சண்டை. "பொம்பளைங்க மட்டும் இருக்கற ஹால்தானம்மா, யாரு பாக்கப்போறாங்க?"

துணி போட்டு மூடலாமா என்று நினைத்தேன். மூடினால் இன்னும் மோசமாக இருக்கும். விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மேகம். புழுக்கம். மதியமே கடையைப் பூட்டிக்கொண்டு ஷமீம் வீடு.

அவள் அம்மா கதவைத் திறந்தார். "சாப்பிடவே மாட்டேங்கறா மலரு. நீயாச்சும் சொல்லும்மா."

ஷமீம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"வெள்ளிக்கெழம நான் என்னாடி பேசறது? நீயும் வா. ஆட்டோ வச்சிக்கலாம்."

"எதுக்கு? நாலு பேரு சேந்து என்னைய மேடையில தூக்கி வைக்கவா?"

சுவரைப் பார்த்தபடியே, "எழுதிக்க" என்றாள்.

சொல்லச் சொல்ல எழுதினேன். போர்க் காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு, குட்டைப் பாவாடை, பஞ்சு வைத்துத் தைத்த ஆம்பளைத் தோள். தோலுக்கும் பஞ்சம், செருப்புக்கும் ரேஷன். நடன ஷூவுக்கு மட்டும் ரேஷன் இல்லை. அமெரிக்காவில் ஒரு பெண் அந்த ஷூவுக்கு அடியில் கெட்டியாகத் தோல் வைக்கச் சொல்லித் தெருவுக்குக் கொண்டுவந்தாள். இன்றைக்கு பஸ் ஸ்டாண்ட் எதிரே தொங்குகிற, ஹீல் இல்லாத கட் ஷூ அதுதான்.

"குண்டு விழற ஊருல கூட ஜனம் போயி பாலே பாத்துச்சு மலரு. வெளிய பூரா செங்கல்லும் சாம்பலும். உள்ள ஒருத்தி வெள்ளை நெட்டுல வந்து நிக்கறா. எப்பிடி இருந்திருக்கும்?"

குரலில் பழைய ஷமீம். எழுதுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், நிறுத்தினால் போய்விடுவாள் என்று பயம். போர் முடிந்ததும் பாரிஸில் இடுப்பைப் பிடித்துத் தைத்த மேல்பகுதி, விரிந்த பாவாடை, அதற்கடியில் அடுக்கடுக்காக நெட். அப்படியே மேடையிலிருந்து இறங்கி வந்தது. மாலை விருந்து உடைகூடத் தரையிலிருந்து ஏறிக் கெண்டைக்காலில் நின்றது. அந்த நீளத்துக்குப் பெயரே பாலே நீளம்.

"ஃபேக்டரியில ஓடி ஓடி வேல செஞ்ச பொம்பளைங்கள வூட்டுக்கு அனுப்பிட்டு, இடுப்பக் கட்டிக்கிட்டு தேவதை மாதிரி நில்லுன்னாங்க. அதையும் எழுது."

"பறக்கற மாதிரிதான் இருக்குது அந்த டான்ஸ் படமெல்லாம்" என்றேன்.

"எங்கடி பறந்தாளுங்க? ஷூவக் கழட்டினா தெரியும். வெரலெல்லாம் புண்ணு." போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் அவள் கை தடவியது. "எனக்கும் எரியுது. இல்லாத வெரலு."



ஆகஸ்ட் 8, வெள்ளி

தூறல். கவுனைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனேன்.

பேச்சு படுமோசம். படம் ஓடவில்லை, பிறகு தலைகீழாக ஓடியது. பின் வரிசைப் பிள்ளைகள் போனில். எழுதியதைப் பார்த்துப் படித்தேன். 'தேவதை மாதிரி நில்' வந்ததும் தாளை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ஒரே ஒரு கேள்வி. கம்பைநல்லூரிலிருந்து வருகிற பெண்ணாம். "மேடம், பாக்க இவ்ளோ லைட்டா தெரியுதே, உள்ள வெயிட்டு எவ்ளோங்க இருக்கும்?"

கவுனைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். வாங்கியதும் தோள் இறங்கியது. "யம்மா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷமீம் பார்த்திருக்க வேண்டும்.

துறைத் தலைவி வெளியே வந்து, "உங்க பார்ட்னர் அளவு எடுத்துத்தான் என் தங்கச்சிக்குத் தைச்சாங்க. பாவம்ங்க" என்றார். எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தைதான் கிடைக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

பேச்சைப் பற்றிச் சொல்லப் போனேன். சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளையின் அக்கா ஓசூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். நல்ல மாதிரிதான் பேசினார்.

"ஒன்னும் அவசரமில்ல. கால் சரியாகட்டும், அப்புறம் தேதி பாத்துக்கலாம்."

"எந்தக் கால்ங்க?" என்றாள் ஷமீம்.

அவர் தலை குனிந்துகொண்டார். ஷமீமின் அம்மா டீ கொண்டுவருவதாக எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. அடுக்களையில் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை ஜூனுக்குப் பிறகு ஒரு போன்கூடச் செய்யவில்லையாம். இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். மாலையில் கரண்ட் இல்லை.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு பெண், அம்மாவோடு வந்தாள். தரையில் புரளுகிற கவுன் வேண்டும், நாலு நாளில். அவ்வளவு சீக்கிரம் பாவாடையை விரித்து நிறுத்துகிற நல்ல கேன்கேன் நெட்டுக்கு எங்கே போவது? ஷமீமுக்குப் போன் போட்டேன். சும்மா கேட்கத்தான் போட்டேன்.

"என்னுதைப் பிரிச்சிரு."

"மாட்டேன்டி."

"அப்ப கொண்டா, நான் பிரிக்கறேன்."

கொண்டுபோனேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிரிப்பூசியை எடுத்து, இடுப்புத் தையலிலிருந்து ஆரம்பித்தாள். ஆபரேஷன் முடிந்த பிறகு அவள் ஊசி தொட்டதே இல்லை. ஒவ்வொரு அடுக்காக உருவி என் மடியில் போட்டாள். நூல் துணுக்கையெல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். அழுவாள் என்று காத்திருந்தேன். "கொசுவம் நெருக்கமா வை, நீ சொன்ன அளவப் பாத்தா அந்தப் பொண்ணுக்கு இடுப்பே இல்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அம்மா சீரியல் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னவென்று கேட்டாள். தலைவலி என்றேன்.

இனி இந்தக் கடையைத் தனியாக எப்படி?

ஆகஸ்ட் 14, வியாழன்

செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்கச் சேலம். தொப்பூர் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் இப்போதும் சிவப்பாக இருக்கிறது.

அளவு எடுத்தவர் பொறுமையானவர். மாவுக்கட்டு மாதிரி சுற்றி அச்சு எடுத்தார். கடைசியில், "எவ்ளோ ஹீல் போடுவீங்க? அதுக்குத் தகுந்தாப்பல பாதம் வைக்கணும். அப்புறம் ஒசரத்த மாத்தி மாத்திப் போட முடியாதுங்க" என்றார்.

ஷமீம் மேஜை மேல் இருந்த வெறும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர். விரல்கள்கூடச் செதுக்கியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"ஃப்ளாட்டுங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.

எதிரிலேயே பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள். "நீ யாருடி சொல்றதுக்கு?"

"நீ எப்பவும் ஃப்ளாட்தானே போடுவே..."

"எப்பவும் போட்டேன். ஒரு நாளு ஹீல் போட்டுப் பாக்கணும்னு எனக்கு ஆசை இருந்திருக்கக் கூடாதா?"

திரும்பப் போய் மாற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். உள்ளே ஆள் இருப்பார், இரண்டு நிமிஷம்தான் என்றேன்.

"வேணாம். பஸ் வந்திடுச்சு."

நடத்துநரும் நானுமாகத் தூக்கி ஏற்றினோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவள் பக்கத்தில் இடம் இருந்தது. பையைத் தூக்கி அங்கே வைத்தாள்.