பூவரசில் ஒரு துவக்குச் சோங்கு

இஞ்சாருங்கோ,

இன்று காலை பக்கத்து வளவில் பூவரசு தறித்தார்கள். வாள் ஓடின இடத்திலிருந்து அந்தப் பச்சை மணம் வேலியைத் தாண்டி என் குசினிக்குள் வந்துவிட்டது. கொதிக்கிற உலையை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். உங்களை நினைத்தால் எனக்குக் கோபமும் ஆசையும் ஒன்றாய்த்தான் வரும். இன்றைக்கும் அப்படியே வந்தது.

அந்தத் துவக்கைக் கொண்டுவந்தவன் என் தம்பிதான். எண்பத்தாறில், மாரிக்கு முந்தி. அவன் இயக்கத்துக்குப் போய் அரை வருஷம்கூட ஆகவில்லை. சுட்டுச் சுட்டுக் கிழடுபட்ட துவக்கு, தோளில் அணைக்கிற மரச் சோங்கு பிளந்து, கம்பியால் சுற்றியிருந்தது. புதிதாக ஒன்று பூவரசில் செதுக்கித் தரச் சொன்னான். நீங்கள் அவன் கையை மடக்கி, முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை அளந்தீர்கள். பிடிக்கிறவனின் கைக்கு ஏற்றபடிதான் சோங்கு வெட்டவேணும் என்றீர்கள்.

சொன்ன நாளில் வேலை முடிக்கிற தச்சன் உரும்பிராயில் நீங்கள் ஒருவர்தான். அப்படிப்பட்ட மனுஷன் அந்தமுறை மட்டும் மரம் காயவில்லை, காயவில்லை என்று நாளைக் கடத்தினீர்கள். வேலை முடியும்வரை எங்களோடு தங்க அவனை விட்டிருந்தார்கள். அவன் என் கையால் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தின்றுகொண்டு பட்டறை வாசலில் கிடந்தான். மேலே ஆமியின் ஹெலிகொப்டர் இரையும்போதெல்லாம் அரைகுறைச் சோங்கைச் சீவலுக்குள் புதைத்துவிட்டு, கதவுச் சட்டம் இழைப்பவர்போல் நிற்பீர்கள்.

கடைசியில் அவனுடைய பொறுப்பாளர் வந்து மரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படலையைத் தாண்டியதும் நான் உங்களிடம் ஓடிவந்தேன்.

"பச்சைக் கட்டை ஒண்டிலை செய்து குடுங்கோ. வெடிச்சால் திருப்பிக் கொண்டுவருவான்தானே."

"வெடிச்சால் அவன்ரை கன்னத்திலைதானப்பா வெடிக்கும்."

பிறகு குனிந்த தலை நிமிராமல் செதுக்கினீர்கள். இவ்வளவு நேர்த்தியாகச் செய்து என் தம்பியைத் தூக்கிக் கொடுக்கிறாரே என்று மனதுக்குள் உங்களைத் திட்டித் தீர்த்தேன். அவன் தோளில் வைத்துப் பார்த்து, அளவென்றால் அளவு என்று சிரித்துவிட்டுப் போனான்.

மாரி முடிய அதே துவக்கு திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் எங்களுக்குத் தெரியாதவர்; அவருக்கும் எங்களைத் தெரியாது. நல்ல தச்சன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சோங்கைக் கொஞ்சம் குறைத்துத் தரவேணும் என்றார். முந்தி வைத்திருந்த ஆள் இப்போது இல்லை, புதியவனுக்கு நீளம் கூடிப்போச்சு என்று, அவனுடைய கை அளவுக்கு முறித்த ஈர்க்கு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தம்பி செத்த செய்தி எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

நீங்கள் அந்த ஈர்க்கை வாங்கி உங்கள் முழங்கை மடிப்பிலிருந்து வைத்துப் பார்த்தீர்கள். அது மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

"இதை நான் குறைக்கமாட்டன். இந்தக் கை வளர்ந்தாப்பிறகு கொண்டுவாங்கோ."

அவர் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இயக்கத்துக்கு மாட்டேன் என்றவர்களுக்கு என்ன நடக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கு அழவேண்டிய நான் உங்கள் இடுப்புச் சாரத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவர் துவக்கை எடுத்துக்கொண்டு போனார். நாய் குரைத்தாலே உங்களைக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள் என்று பல நாள் செத்துப் பிழைத்தேன். ஒருவரும் வரவில்லை. சோங்கை வேறெங்காவது கொடுத்துக் குறைத்திருப்பார்கள்.

கடைசியில் நீங்கள் கட்டிலில் படுத்தபடிதான் கண்ணை மூடினீர்கள். அந்த மட்டில் எனக்கு ஆறுதல். தம்பியின் திவசத்துக்கு இலையில் படைக்கும்போது, அந்த ஈர்க்குக்குரிய பிள்ளைக்கும் ஒரு பிடி சோறு அள்ளுகிறேன். பேர் தெரியாது, முகம் தெரியாது. உயிரோடு இருக்கிறவனுக்குப் படைத்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு வருஷமும் அந்தப் பிடியைத் திரும்பச் சட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறேன்.