நேரம் தவறி வந்தவருக்கு ஓர் இலை

ஈரத்தாளும் மையும் கலந்த அந்த வாசனை இன்று காலை முதல் என் விரல்களில் இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. உம்மிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம்முடைய மடம் ஆற்றங்கரையில் அப்படியேதான் நிற்கிறது. நான்கு தூண், பாதிச் சுவர், கூரைக்குப் பதில் ஆகாயம். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் பாபநாசம் பஸ்ஸில் போய் அங்கே இறங்குவோமே. கல்வெட்டுச் சுவரில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் பைய அடிப்பீர். தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். மேலே மை ஒற்றினால் எழுத்துகள் மட்டும் வெள்ளையாக எழுந்து வரும், பனிக்குள்ளிருந்து ஆட்கள் நடந்து வருவது போல. பாபநாசம் போகும் யாத்திரிகர்களுக்குப் பாண்டியர் காலத்தில் அங்கே சோறு போட்டிருக்கிறார்கள். பிறகு படித்துறைக்கு இறங்கி, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நீர் கொண்டுவந்த இரண்டு இட்லிப் பொட்டலங்களைப் பிரிப்போம். ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கண் சொக்கும். உலை கொதிக்கும் சத்தம் கேட்கிறது என்பேன். “பசியில கேக்கும்வே” என்பீர்.

மடத்தார் இரண்டு கட்சியாகிச் சண்டை போட்டார்கள், அடுப்பு அணைந்தது என்பதோடு சுவரின் எழுத்து நின்றுவிடுகிறது. அதுதான் மடத்தின் முடிவு என்று நான் கும்பாபிஷேக மலரில் எழுதிவிட்டேன்.

“அவசரப்பட்டுட்டீரே! மிச்சக் கல்லு இங்கனதான் எங்கியோ கெடக்கு” என்றீர்.

“எங்க கெடக்கு? காட்டும் பாப்போம்!” என்று நானும் கத்தினேன். அன்றோடு போவதை நிறுத்தினேன். எல்லாம் வீம்புதான். இரண்டு வருஷம் கழித்து நீர் போய்ச் சேர்ந்த செய்திதான் வந்தது.

போன வாரம் படித்துறையைச் செப்பனிட வந்த ஜேசிபி அந்தத் துவைக்கிற கல்லைப் புரட்டிப் போட்டது. அடிப்பக்கம் முழுக்க எழுத்து! இத்தனை நாளும் அதன் முதுகில் உட்கார்ந்துதான் இட்லி தின்றிருக்கிறோம்.

உம் வீட்டுக்குப் போய் மதினியிடம் உம் பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து இன்று நானே படியெடுத்தேன். தாள் இரண்டு முறை கிழிந்தது. சண்டை போட்ட மடத்தார் சமாதானமாகி அடுப்பை மறுபடி மூட்டியிருக்கிறார்கள். கூடவே ஓர் ஏற்பாடு: நேரம் தவறி வருகிறவருக்காகத் தினமும் ஓர் இலைச் சோறு எடுத்து வைக்க வேண்டும். வாசித்ததும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். காரணம், பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தபோது மதினி சொன்னதுதான்.

“அண்ணாச்சி, நீங்க வராமப் போன பொறவும் அவுக ரெண்டு பொட்டலந்தான் கட்டச் சொல்லுவாக. ஒண்ணு அப்படியே திரும்பி வரும்.”

நான் எழுதியது தப்பு. வராமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. மன்னித்துக்கொள்ளும்.

நாளை ஞாயிறு. திருத்தி எழுத ஒரு நோட்டும், உம் பிரஷ்ஷும், இரண்டு பொட்டலமும் என் பையில் இருக்கும்.