தாழந்தீவிலிருந்து, மடைப்பள்ளிப் பூவன் பொருட்டுப் போந்த ஓலை

கடல் தன் எல்லை கடவாதிருக்க, கழனி விளைக, வெண்கழி நாட்டுக் குடிகள் பசியறியாதிருக்க. அலைவாய்க் கோட்டைக்கும் அதன் துறைகள் அனைத்திற்கும் உடையவரான கோ இளவெயினர் திருவாய் மொழிய, தீவில் உடனிருக்கும் எழுத்தன் கூத்தன் பொறையன் எழுதியது. மாமறுகு நகர் அரண்மனையில் வீற்றிருக்கும் பட்டத்தரசி பூங்கொற்றியார் திருமுன் இவ்வோலை சேர்க. கொண்டுவருவோர் சங்கு குளிக்கும் பரதவர் இருவர். அவர்கள் களைத்து வருவார்கள். ஆயினும் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்குமுன் இதை வாசித்தருள்க. அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், கழுமரம் பொறுக்காது.

பேரமைச்சர் எயிற்கிழார் இருக்க அரசியாருக்கு ஓலை வருவானேன் என்று திருவுள்ளம் ஐயுறலாம். ஓய்வு கொள்ளத் தீவுக்குப் புறப்பட்ட அன்று, அங்கிருந்து எந்த ஓலை வந்தாலும், அது தம்முடைய சொந்தச் சொல்லே ஆயினும், அமைச்சரும் படைத்தலைவரும் மன்றத்தாரும் அதைப் பிரிக்காமலே கடலில் எறிய வேண்டும் என்று மன்னர் தாமே ஆணையிட்டார். நாட்டுக் கவலை தம்மை நிம்மதியாக இருக்கவிடாது, தாமும் சபலப்பட்டு எதையாவது எழுதித் தொலைப்போம் என்ற அச்சமே அதற்குக் காரணம். எயிற்கிழாரோ சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். தலைகீழாக நின்றாலும் இம்மி அசையமாட்டார். ஆனால் புறப்படும் அவசரத்தில் அவ்வாணையில் அரசியாரின் பெயரைச் சேர்க்க மன்னர் மறந்துவிட்டார். அந்த மறதிதான் இப்போது ஓர் உயிருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி.

நடந்ததை அரசியார் அறிவீர்கள். மன்னரின் குடலைப் பிசைந்தெடுத்த நோவுக்கு மருந்தெல்லாம் தோற்றன. நீராகாரப் பானையிலிருந்து முன்சுவை பார்த்தவர்கள் எல்லாரும் கல்லுப்போல் இருக்க, மன்னர் ஒருவர் மட்டும் தரையில் புரண்டார். ஆகவே பானையை மன்னரிடம் கொண்டுவந்த கடைசி நொடியில் நஞ்சிட்டவன் மடைப்பள்ளித் தலைவன் பூவனே என்று மன்றம் முடிவுகட்டியது. வருகிற முழுநிலவு நாளில் அவனைக் கழுவேற்றுக என்று மன்னர் படுக்கையில் இருந்தபடியே கையசைத்தார். அப்போது அரசியார் அருகில் வந்து, இளவரசராக இருந்த நாள் முதல் சோறிட்ட கை ஆயிற்றே, சினம் ஆறட்டும், பிறகு விசாரிக்கலாமே என்று சொன்னீர்கள். அடுப்படிக்காரருக்கெல்லாம் பரிந்து பேசுவதே அரசிக்கு வேலையாய்ப் போயிற்று என்று மன்னர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சொல்லை நினைத்து நினைத்து இப்போது தலையில் அடித்துக்கொள்கிறார்.

தீவு நல்ல தீவுதான். அதைக் குறை சொல்லலாகாது. முரசில்லை, முறையீடில்லை, அந்தி சாய்ந்தால் விளக்குமில்லை. தாழைப் புதர்களுக்குப் பின்னால் ஓலைக்குடில் ஒன்று, இரு தென்னைகளுக்கு இடையே கட்டிய வலைத் தூளி, முழங்கால் அளவு தெளிந்த நீர். மன்னர் கிரீடத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, இடுப்பில் ஒரு துண்டோடு மீன் சுட்டுத் தின்றார். தூளியில் படுத்து நடுப்பகல் வரை குறட்டை விட்டார். இளநீரைத் தவிர வேறொன்றும் பருகவில்லை. நோவு இருந்த இடம் தெரியவில்லை. கன்னத்தில் சதை போட்டது. அதைக் கண்டு மன்னர் சொன்னது என்னவென்றால், பார்த்தாயா பொறையா, அவன் கைச்சோற்றை விட்டேன், உடம்பு தேறியது, என் தீர்ப்பில் பிழையில்லை என்பதே. எழுத்தனும் ஆமாம் போட்டான். அந்தப் பாவத்தில் அவனுக்கும் பங்குண்டு.

பிறகு மன்னரின் பிறந்த விண்மீன் நாள் வந்தது. அன்றாவது முன்னோர் வழக்கத்தை விடலாகாது என்று, முடிசூட்டு நாளில் பெற்று, அரண்மனையில் நாள்தோறும் பருகிவந்த செம்புக் கிண்ணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அந்தக் கிண்ணத்தில் பிறர் வாய் படலாகாது. அதைப் புளியிட்டுத் துலக்கலாகாது. ஈயம் பூசுகிறவன் அதை நெருப்பில் காட்டலாகாது. அரசர் தாமே வெறும் நீரில் அலம்பி, இரவில் புளித்த நீராகாரத்தை அதில் ஊற்றி மூடிவைத்து, விடிந்ததும் பருக வேண்டும். அன்றும் அவ்வாறே செய்தார். பழக்கம் விடாமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் செய்தார். அதன்பின் அதே நோவு, அதே வாந்தி, அதே குளிர்ந்த வேர்வை. சோறு வடித்தது எழுத்தன், ஊற்றியது மன்னர், பூவனோ கடலுக்கு அப்பால் நிலவறையில் கிடக்கிறான்.

மன்னர் கிண்ணத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே ஈயம் என்றோ தேய்ந்துபோய், அடியெல்லாம் பச்சைப் பசேலென்று நச்சுக் களிம்பு. நம் நாட்டில் எந்தக் குடிசைப் பெண்ணும் ஈயமில்லாத செம்பில் புளிப்பை இரவெல்லாம் வைக்கமாட்டாள். வெண்கழி அரசர்கள் மட்டும் அதை வழக்கம் என்று வணங்கிக் குடித்துவந்திருக்கிறார்கள். மன்னரின் தந்தையாரும் வயிறு நொந்தே மாண்டார். அப்போதும் ஒரு சமையற்காரனின் தலை உருண்டது. பூவன் மன்றத்தில் சொன்னதெல்லாம் ஒன்றேதான்: அந்தக் கிண்ணத்தைத் தாருங்கள், உங்கள் கண்முன்னே நானே குடித்துக்காட்டுகிறேன் என்றான். அரசர் கிண்ணத்தில் வாய் வைக்கத் துணிந்தானே என்று, அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்தார்கள். சேர்க்கச் சொன்னவர் மன்னர்.

ஓய்வு குலையலாகாது என்று அரசப் படகைத் திருப்பி அனுப்பியவரும் அவரே. நாள்தோறும் தீ மூட்டினோம், துணி வீசினோம், எவரும் வரவில்லை. நேற்றுத்தான் காற்று திசைமாறி இப்பரதவர் ஒதுங்கினர். கோட்டைக்கு வெளியே கழு நட்டாயிற்று என்றும் அவர்களே சொன்னார்கள். மன்னர் அக்கணமே அவர்கள் கட்டுமரத்தில் ஏறினார். முதல் அலையிலேயே மயங்கி நீரில் விழுந்தார். இழுத்துப் போட்டோம், மறுபடியும் தவழ்ந்து ஏறினார், மறுபடியும் விழுந்தார். இப்போது மணலில் கிடந்தபடி சொல்லச் சொல்ல எழுதப்படுகிறது. வாய் குழறுகிறது, அழுகையும் வருகிறது. அரசர் அழலாமா என்று கேட்க இங்கே யாருமில்லை.

ஆகலின் ஆணை யாதெனில், அரசியார் பல்லக்குக்கும் பரிவாரத்துக்கும் காத்திராமல், கிடைத்த குதிரையில் ஏறிக் கொலைக்களம் செல்க. இவ்வோலையை ஊரறிய உரக்க வாசிக்க. எயிற்கிழார் தடுப்பின், அரசரின் ஆணையில் அரசியார் பெயர் இல்லை என்பதைக் காட்டுக. அவர் எழுத்துக்குக் கட்டுப்பட்டவர், விலகிவிடுவார். பூவனாரின் விலங்கை அரசியாரே தம் கையால் கழற்றுக. அவரையும் மருத்துவரையும் அரசப் படகில் ஏற்றித் தீவுக்கு அனுப்புக.

கணையாழி அமைச்சரிடம் இருப்பதால், மன்னர் தம் பெருவிரலை அரக்கில் அழுத்தியிருக்கிறார். அரக்கு சுட்டதை அவர் உணரவில்லை. விரலின் குறுக்கே ஓடும் தழும்பை அரசியார் அறிவீர்கள்.

இன்னும் ஓர் ஆணை உண்டு. அதை எழுத எழுத்தன் மறுத்தான். மன்னர் அவன் மணிக்கட்டைப் பற்றி எழுதவைத்தார். காலம் கடந்துபோயிருப்பின், பூவனார் இல்லையெனில், மருத்துவர் வர வேண்டா, படகும் வர வேண்டா.