ரெஜினாவின் ஒறுத்தல்

மார்ச் 3, செவ்வாய்
தூறல். குட்மேய்சில் தங்கை ரெஜினா வீட்டுக்கு மீன் கொண்டுபோனேன். தவக்காலத்துக்காக வீட்டையே காலி செய்திருக்கிறாள். சோபா இல்லை, டிவி இல்லை. ஒரு தட்டு, ஒரு கட்டில். அழகாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமைகூட.
பிறகு அவளுடைய மருந்துக் குளிசைப் பெட்டியைத் திறந்தேன். தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனிலிருந்து ஒன்றும் தொடவில்லை. இரண்டு கிழமை, பதினான்கு நாள்! என் சிறுநீரகத்தை அவள் உடம்பு தள்ளிவிடாமல் காப்பவை அந்தக் குளிசைகள். அதை நான் அவளுக்குக் கொடுத்து இரண்டு வருடம்.
"இதுவும் ஒறுத்தல்தான் அக்கா. சீனியை விடுறதும் ஒரு ஒறுத்தலே?"
"கிட்னி போயிடும்."
"போகாது. நீ தந்ததை நான் நம்புறன். தந்த நீதான் நம்புறாயில்லை."
அவள் கால் வீங்கியிருந்தது.

மார்ச் 4, புதன்
ஆய்வுகூடத்தில் வேலை. ஊரார் இரத்தமெல்லாம் என் கையில். அவளுடையது மட்டும் இல்லை. கிளினிக்குக்கே போகவில்லையாம்.
எளிமை எனக்கும் பிடிக்கும். நாங்களும் சோதனைகளில் தேவையில்லாத படிகளை வெட்டுகிறோம். ஆனால் வெட்டமுன், தேவையில்லை என்று காட்டவேண்டும்.
ஆறு தடவை போன் அடித்தேன். ஒருமுறை எடுத்தாள். "உன்னைப்போல அவிசுவாசியின்ரை கிட்னி எண்டாலும் நல்லாத்தான் ஓடுது." சிரிக்கிறாள்.

மார்ச் 5, வியாழன்
வெயில், குளிர். பங்குச் சுவாமியிடம் போனேன். கோயில் படி மிதித்து எத்தனை வருடமோ.
"குளிசையை விடச்சொல்லி ஆர் சொன்னது? நான் சொக்லேட்டையெல்லோ சொன்னனான்!"
கடவுளுக்கு வைத்த நேர்த்தியை முறிக்க ரெஜினா சம்மதிக்கமாட்டாள் என்றேன். குரு என்ற முறையில் தானே அதை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கலாமாம். உடனே அவளுக்குப் போன் எடுத்தார்.
"பிள்ளை, இனி நேரத்துக்குக் குளிசை எடுக்கிறதுதான் உம்மடை ஒறுத்தல். விளங்கிச்சோ?"
"ஓம் ஃபாதர்."
என் விஞ்ஞானம் முழுவதும் அவளுக்கு ஏறவில்லை. அவருடைய ஒரு வசனம் ஏறிவிட்டது. கோபம். நன்றி. மறுபடி கோபம்.
பின்னேரமே அவளை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன்.

மார்ச் 6, வெள்ளி
காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியட்டினின் இரண்டு மடங்குக்கு மேல். வார்டில் சேர்த்தார்கள். ஊசிவழி ஸ்டீராய்ட். கிட்னியைக் காப்பாற்ற ஏலுமா என்று கேட்டேன். உறுதி சொல்லமுடியாது, மூன்று நாள் பார்ப்போம் என்றார் வைத்தியர்.
"அக்கா, சுகம் வந்தா மாதா தந்தது எண்டுவன். சண்டை பிடிக்கப்படாது."
"என்னவெண்டாலும் சொல்லு."
"அப்ப எனக்காக ஒருக்கா கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லு."
தொடங்கினேன். பாதியில் வரி மறந்துவிட்டது. திருத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கண் மூடியபடி கிடந்தாள். மூச்சு இருக்கிறது, பார்த்தேன்.
முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் அதே இடம்.