நாலாம் பாடமும் அண்ணன் காலும்

2006 மே 20, சனி

கடையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி வந்து என் அறையில் இறக்கிவிட்டான் அண்ணன். கூடவே ஒரு எலக்ட்ரிக் கிடார், பிஸ்கட் டின் அளவில் ஒரு ஸ்பீக்கர், ஒரு சிடி. அவனிடம் லேப்டாப் ரிப்பேருக்குக் கொடுத்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது சுமக்க முடியாது என்று விட்டுப்போனவையாம். சிடியின் மேல் ப்ளூஸ் ராக் கிடார், முப்பது பாடங்கள், வீடியோவுடன் என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது.

"சாயந்திரம் ஆனா டிவி முன்னாடி தூங்கித் தூங்கி விழற. இத கத்துக்கோ மணி"ன்னான். கிண்டல்தான். நானும் கிண்டலாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

மே 22

விரல் நுனியெல்லாம் எரிகிறது. கலெக்டர் ஆபீசில் ஒரு சுற்றறிக்கை டைப் அடித்து முடிப்பதற்குள் பத்து தடவை ஊதிக்கொண்டேன்.

ஜூன் 4, ஞாயிறு

மூன்று பாடம் முடிந்தது! சொல்லித்தருகிறவருக்கு நெஞ்சு வரை தாடி. ப்ளூஸ் துக்கத்தில் பிறந்த பாட்டு என்கிறார், ஆனால் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார். நம் பக்கத்து ஒப்பாரிக்காரிகள் பார்த்தால் இவரைக் கூட்டத்திலேயே சேர்க்க மாட்டார்கள்.

இந்த சிடியில் ஒரு வேடிக்கை உண்டு. நான் வாசிப்பதை, கம்ப்யூட்டரில் மாட்டிய மைக் வழியாக அதுவே கேட்கிறது. அடி சரியான நேரத்தில் விழுந்தால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு. இதுவரை எல்லாம் பச்சை. திமிராக இருக்கிறது.

ஜூன் 19

அந்தத் திமிர்தான் இன்று மாட்டிவிட்டது. சுதந்திர தினத்தன்று ஆபீசில் கலை நிகழ்ச்சி. சூப்பிரண்டெண்ட் ராஜமாணிக்கம் சார் எல்லார் முன்னாடியும், "மணிமொழி, கும்மியில ஒரு ஆள் கம்மி. நீங்க சும்மாதான இருக்கீங்க, சேர்ந்துக்குங்களேன்" என்றார்.

சும்மாவாம்!

"நான் தனியா கிடார் வாசிக்கிறேன் சார், எழுதிக்குங்க"ன்னுட்டேன். எழுதிக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா எனக்கு?

ஜூன் 25, ஞாயிறு

நாலாம் பாடம். ஒரே சிவப்பு.

ஜூலை 2, ஞாயிறு

இன்னும் சிவப்பு. ஒவ்வொரு அடியையும் இரண்டாக்கி, முதல் பாதியை நீளமாகவும் இரண்டாவதைக் குட்டையாகவும் விட வேண்டுமாம். நீளம், குட்டை, நீளம், குட்டை. வாயால் சொல்ல வருகிறது, விரல் மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது. எப்படிக் கேட்கும்? டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு வாங்கிய விரல்! இன்ஸ்டிடியூட்டில் சின்னசாமி மாஸ்டர் மேஜைமேல் ஸ்கேலைத் தட்டித் தட்டி, எல்லா எழுத்துக்கும் ஒரே நேரம், ஒரே அழுத்தம் என்று பழக்கிய விரல். ப்ளூஸ் வாசிக்கிறேன் என்று உட்கார்ந்து தாசில்தாருக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 8, சனி

எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதணும்.

சாயங்காலம் முப்பது தடவை வாசித்தும் சிவப்பு. அண்ணன் கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். சின்ன வயதில் போலியோ வந்த வலது காலுக்கு இரும்புக் காலிப்பர் போட்டிருக்கிறான், நடந்தால் தரையில் சத்தம் வரும். அந்தச் சத்தம் மைக்கில் விழுந்துதான் தப்பாகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றேனா?

"அந்த நொண்டிக் காலைத் தூக்கிட்டு வெளிய போயேன்!"

சொல்லிட்டேன். நான்தான் சொன்னேன். அவன் டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். சீ, என்ன பொம்பள நான்!

ஜூலை 9

காலிப்பரைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டான். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போகிறான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இவ்வளவு அமைதியாக இந்த வீடு இருந்ததே இல்லை. தோசை தின்றான், நல்லாருக்குன்னான், கடைக்குப் போனான்.

ஜூலை 10, பௌர்ணமி

கிரிவலத்துக்கு என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டான். பதினாலு கிலோமீட்டர். பத்து வருஷமாகச் சேர்ந்துதான் போவோம்.

ஜூலை 23

மன்னிச்சிடுன்னு சொல்ல வாயெடுத்தேன். "உப்பு போடட்டுமா?"ன்னு கேட்டேன்.

ஆகஸ்ட் 5, சனி

ரேஷன் கடைக்குக் கிளம்பிப் பாதி வழியில் கார்டை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினேன். அவசரத்தில் கம்ப்யூட்டரை அணைக்காமல் போயிருக்கிறேன். நாலாம் பாடத்தின் டிரம் ஓடிக்கொண்டிருந்தது, மைக்கும் போட்டபடியே.

நான் வீட்டில் இல்லை என்பதால் அண்ணன் காலிப்பர் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம். டாக்–ட, டாக்–ட. ஜன்னல் வழியாக என் அறையின் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. பச்சை. அடுத்ததும் பச்சை. ஒரு வரிசை முழுக்கப் பச்சை!

நல்ல கால் நீளம், காலிப்பர் கால் குட்டை. ஒரு மாதமாக நான் தலைகீழாக நின்று தேடியது முப்பது வருஷமாக என் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் நான் வெளியே போகச் சொன்னேன். அவன் நடந்து முடிக்கும்வரை உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். ரேஷன் கடையை மூடிவிட்டார்கள். போகட்டும்.

ஆகஸ்ட் 9, பௌர்ணமி

ஆபீஸ் விட்டதும் அவன் கடை வாசலில் போய் நின்றுகொண்டேன். "நானும் வரேன்." சரி வா என்றான்.

அடி அண்ணாமலை வரைக்கும் நடந்தோம். நல்ல கூட்டம். அங்கே டீ குடிக்க உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புண்ணா. ரொம்பத் தப்பு."

டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். "எனக்குப் பழகின வார்த்தைதான் மணி. பள்ளிக்கூடத்துல சொன்னாங்க, பஸ்ல சொன்னாங்க. நம்ம வீட்ல மட்டும் இல்லாம இருந்துச்சு."

அழுதுவிட்டேன். டீக்கடைக்காரர், கால் வலி என்று நினைத்து ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சனிக்கிழமை ஜன்னலில் பார்த்ததைச் சொன்னேன். "உன் காலு நாலாம் பாடம் பாஸ் ஆயிடுச்சுண்ணா. ஃபுல் மார்க்."

முதலில் நம்பவில்லை. அப்புறம் சிரித்தான். எத்தனை நாளாயிற்று!

"அப்போ மேடைக்கு வா. நீ நட, நான் வாசிக்கிறேன்."

"அதெல்லாம் வேணாம். ஸ்பீக்கர் மாட்டித் தரேன், கடைசி வரிசைல உக்காந்துக்கறேன். நாலு பேர் பாக்கறப்போ எழுந்து நடக்கறதுன்னா எனக்கு ஆகாது, உனக்கே தெரியும்."

தெரியும். கல்யாண வீட்டில்கூட பந்தி காலியாகி எல்லாரும் போன பிறகுதான் எழுந்திருப்பான். மீதி தூரம் அவன் பின்னாலேயே, காலையே கேட்டுக்கொண்டு நடந்தேன்.

ஆகஸ்ட் 15

இன்றையதைச் சுருக்கமாக எழுத முடியாது.

எனக்கு முன்னால் கும்மி. பிரமாதமாக ஆடினார்கள். அப்புறம் நான். முதல் வரி நன்றாகவே வந்தது. இரண்டாவது வரியில் முன்வரிசையில் ராஜமாணிக்கம் சார் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். அவ்வளவுதான், விரல் டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டது. டக டக டக டக. யாரோ சிரித்தார்கள். பேச்சு சலசலவென்று கிளம்பியது. நிறுத்திவிட்டு இறங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

அப்போது ஹால் பின்னாலிருந்து டாக்–ட, டாக்–ட.

அண்ணன் எழுந்து ஓரத்திலிருந்த தண்ணீர் டிரம்முக்கு நடந்துகொண்டிருந்தான். ஒரு டம்ளர் குடித்தான். இடத்துக்குத் திரும்பினான், உட்காரவில்லை. மறுபடி டிரம்முக்குப் போனான். மறுபடி குடித்தான். ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று தலை நிமிர்ந்து நடந்தான், என் அண்ணன். விரல் அவன் காலைப் பிடித்துக்கொண்டது. நான் பாட்டை முடிக்கும்வரை ஆறு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

கும்மிக்கு முதல் பரிசு. எனக்கு ஆறுதல் பரிசு, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. "கடைசியில நல்லா பிடிச்சிட்டீங்க. ஆனா ஒண்ணு, உங்க அண்ணனுக்கு சுகர் டெஸ்ட் எடுங்க"ன்னார் ராஜமாணிக்கம் சார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவை இரண்டு தடவை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வாசலில் காலிப்பர் இல்லை. சமையலறையில் டாக்–ட, டாக்–ட. அண்ணன் காபி போடுகிறான்.

"மணி, சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

"இல்லண்ணா. கொஞ்சம் மெதுவா நட. அஞ்சாம் பாடம் ஸ்லோ."